பழைய அமெரிக்கக் காரின் வருஷத்தைப் பார்த்தே சொல்வது எப்படி

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் இருந்தால், வுட்வர்ட் அவென்யூ ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை ரோடு முழுக்கப் பழைய கார்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். 1995இல் தொடங்கிய விழா. மிச்சிகனில் கார் கம்பெனிகளிலும் அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் இடங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பிள்ளைகளோடு வருவார்கள், செம காரு என்று நாலு போட்டோ எடுப்பார்கள், வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான். மூன்றாவது வருஷம் கொஞ்சம் விஷயம் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, மர நிழலில் நின்ற ஒரு வெளிர்நீல கேடிலாக்கின் சொந்தக்காரரிடம் போய், "இது ஐம்பத்தொன்பதுதானே?" என்றேன். பெரியவர் கையிலிருந்த சாண்ட்விச்சிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அறுபது" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பட்ட அவமானத்தில் கற்றுக்கொண்டதுதான் இது. ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். இன்னொன்றும் கூடவே வரும்: இந்தக் கார்களை ஏன் அப்படி வாய்பிளந்து பார்க்கிறோம், அதெல்லாம் எப்போது எப்படிக் கெட்டுப்போனது என்பதும் அதே தகரத்தில்தான் எழுதியிருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை. இந்த விளையாட்டு சாத்தியமானதே ஒரு வியாபாரத் தந்திரத்தால். 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், வருஷாவருஷம் காரின் தோற்றத்தை மாற்றினால் போன வருஷக் கார் பழசாகத் தெரியும், ஜனங்கள் மறுபடி வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். அதைச் செய்து முடிக்க 1927இல் ஹார்லி ஏர்ல் என்பவரை அழைத்து வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஆரம்பித்துக் கொடுத்தார். ஏர்ல் களிமண்ணில் முழு அளவு காரையே செய்து பார்க்கிற ஆள், 1958 வரை அந்த நாற்காலியில் இருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி புது டிசைன் புடவை வருகிற மாதிரி, இலையுதிர் காலத்துக்கு இலையுதிர் காலம், அடுத்த வருஷத்தின் பெயரில் புது கார். அடியில் இருக்கிற சட்டமும் எஞ்சினும் அதேதான், மேலே இருக்கிற உடுப்பு மட்டும் வேறு. அதனால்தான் 55, 56, 57 என்று தனித்தனியாகச் சொல்ல முடிகிறது.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

எல்லோரும் காரின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் நேராக டிக்கிப் பக்கம் போங்கள். முகத்தில் கிரில் என்கிற முன்பக்கக் கம்பிவலையை மாற்றியிருப்பார்கள், பம்பர் மாற்றியிருப்பார்கள், சக்கரத்தை நம்பவே கூடாது, பாதிப் பேர் புது அலாய் போட்டிருப்பார்கள். பின்பக்க மட்கார்டும் டெயில் லைட்டும்தான் பெரும்பாலும் பொய் சொல்லாது.

டெயில் ஃபின் என்கிற வால் துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எம்.மின் சொகுசுக் காரான கேடிலாக்கில் 1948இல் முதன்முதலாக வந்தது. போர்க்காலத்தில் வந்த லாக்ஹீட் பி-38 என்ற இரட்டை வால் போர்விமானத்தைப் பார்த்து ஏர்லின் ஆட்களுக்குத் தோன்றிய யோசனை. அந்த 48இல் அது சும்மா ஒரு சின்ன மேடு, விரலால் தடவினால்தான் தெரியும் போல. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. நடுவில் 1957இல் கிரைஸ்லர் கம்பெனியின் வர்ஜில் எக்ஸ்னர் ஒரே பாய்ச்சலில் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார்: தாழ்வான கூரை, கூர்மையாக எழும்பும் துடுப்பு, நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி ஒரு சாய்வு. 1956 கோடையில் ஜி.எம்.மின் இளம் டிசைனர் சக் ஜோர்டன் மவுண்ட் ரோடு வழியாகப் போனபோது கிரைஸ்லர் வளாகத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்ற புது 57 கார்களைப் பார்த்துவிட்டு ஆடிப்போய் ஆபீசுக்குத் திரும்பினார், அதற்கப்புறம் 1959க்கென்று தயாராகிக்கொண்டிருந்த வரைபடங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜி.எம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே மவுண்ட் ரோட்டில்தான் நம் ஆட்கள் பலர் இன்றைக்கு டிராஃபிக்கில் நின்று கடுப்பாகிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பதற்றத்தின் விளைவுதான் 59 கேடிலாக். 225 அங்குலம் நீளம், அதாவது 5.7 மீட்டர். ஊரில் என் தாத்தா எந்தக் காரைப் பார்த்தாலும் பிளஷர் என்பார், பெரிய காராக இருந்தால் கப்பல் என்பார். இது கப்பலேதான். அதன் துடுப்பு உச்சத்துக்குப் போய், ஒவ்வொன்றின் நடுவிலும் தோட்டா மாதிரி இரண்டு சிவப்பு விளக்குகள் துருத்திக்கொண்டு நிற்கும். 1960இல் அதே உடம்புதான், ஆனால் துடுப்பு இறங்கிவிட்டது, அந்த ஜோடித் தோட்டா போய்விட்டது. தோட்டா இருந்தால் 59, இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஷெவர்லேயில் இன்னும் சுலபம். 55, 56, 57 மூன்றும் ஒரே குடும்பம், வுட்வர்டில் அதிகம் கண்ணில் படுவதும் இவைதான். முன்னால் கிரில் சின்னதாகச் சல்லடை மாதிரி இருந்தால் 55, அகலம் முழுக்க விரிந்திருந்தால் 56, பின்னால் கூரான துடுப்பு எழும்பியிருந்தால் 57. ஆனால் எனக்குப் பிடித்த சோதனை வேறு: பெட்ரோல் எங்கே போடுவது? 55இல் பின்பக்க மட்கார்டில் சாதாரண மூடி. 56இல் மூடியே தெரியாது. இடது டெயில் லைட்டை அப்படியே கதவு மாதிரித் திறந்தால் உள்ளே இருக்கும். 57இல் இடது துடுப்பின் பின் விளிம்பில் ஓடுகிற குரோம் பட்டையைத் திருப்பினால் உள்ளே மூடி. சொந்தக்காரரிடம் "பெட்ரோல் எங்கே போடுவீர்கள்?" என்று கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும், ஓடிவந்து திறந்து காட்டுவார். ஒரு பெட்ரோல் மூடியை மறைக்க வருஷத்துக்கு ஒரு புது வழியை யோசித்து, அதற்கு அச்சு வெட்டி, கீல் வைத்து, குரோம் பூசியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதுவும் கேடிலாக்கில் இல்லை, ஜி.எம். விற்றதிலேயே விலை குறைந்த காரில்.

இம்பாலா என்றால் பக்கத்துக்கு மூன்று விளக்கு, அதைவிட மலிவான ஷெவர்லேக்களுக்கு இரண்டு. 1958இல் இம்பாலா என்ற பெயர் வந்தபோதே இந்தக் கணக்கு வந்துவிட்டது. 1965 வரை பார்த்தால் 59 மட்டும் விதிவிலக்கு, அதில் பூனைக்கண் மாதிரி நீண்ட ஒற்றை விளக்கு, துடுப்பும் நிமிராமல் கழுகு இறக்கை விரித்த மாதிரி படுத்திருக்கும்.

முகத்துக்கு வந்தால்

ஹெட்லைட்டை எண்ணுங்கள். 1940 முதல் அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் ஒரே அளவு 7 அங்குல வட்ட விளக்கு, பக்கத்துக்கு ஒன்றுதான் சட்டம். 1957இல் சில கார்களில் பக்கத்துக்கு இரண்டு வந்தது, 58இல் கிட்டத்தட்ட எல்லாமே நாலு கண். ஆகவே நாலு கண் இருந்தால் 57க்கு முந்தையது இல்லை. ஆனால் இரண்டு கண் இருந்தால் 57க்கு முந்தையது என்று அவசரப்படாதீர்கள், 60களின் சின்னக் கார்கள் மறுபடி இரண்டுக்கே போய்விட்டன, மஸ்டாங்கே அப்படித்தான். சதுர விளக்கு என்றால் 1975 அல்லது அதற்கு அப்புறம்.

அடுத்து முன் கண்ணாடி. நடுவில் கம்பி வைத்த இரட்டைக் கண்ணாடி 50களின் தொடக்கத்தோடு முடிந்தது. பக்கவாட்டில் மடங்கி வளைந்து, தூண் பின்னுக்குத் தள்ளி நேராக நின்றால் அது பெரும்பாலும் 54இலிருந்து 60 வரை. பார்க்க ராஜகளைதான். ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும், அந்தத் தூணின் முழங்கை மாதிரி மடங்கிய இடம் சரியாக நம் முட்டியில் வந்து இடிக்கும், வளைவில் எதிரே வருகிற வண்டி தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளியும். ஒரு சொந்தக்காரர் ஏறிப் பார்க்கச் சொன்னார், இரண்டு நாள் நொண்டினேன். 61, 62க்குள் அந்த மோகம் ஒழிந்தது.

குரோம் எவ்வளவு என்பதும் ஒரு கணக்கு. 55இல் அளவாக இருக்கும், 58இல் திகட்டிவிடும். 58 ப்யூக்கின் கிரில்லில் மட்டும் 160 குட்டிக் குரோம் சதுரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளிச்சம் அடிக்கும். அதைப் பார்த்தால் எனக்குக் கல்யாண வீட்டில் இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஒரு பெரியம்மா ஞாபகம்தான் வரும். அதே 58இல் பொருளாதாரம் படுத்துவிட்டது. ஃபோர்டு 1957 செப்டம்பரில் பெரிய ஆரவாரத்தோடு இறக்கிய எட்செல், முகத்தின் நடுவே குதிரையின் கழுத்து வளையம் மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு கிரில், அது 1959 நவம்பரோடு மூடுவிழா கண்டது. சுமார் 25 கோடி டாலர் நஷ்டம்.

எல்லோரும் இத்தோடு அமெரிக்கக் கார் அழகு முடிந்தது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துடுப்பும் குரோமும் சலித்த பிறகு வந்த 1961 முதல் 68 வரைதான் என் கணக்கில் உச்சம். 61 லிங்கன் கான்டினென்டலைத் தேடிப்பிடித்துப் பாருங்கள், எல்வுட் எங்கெல் வடித்தது. முந்தைய வருஷத்து லிங்கனைவிட நீளத்தில் ஓர் அடிக்கும் மேல் குறைவு. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோடு, மட்கார்டின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய பளபளப்பு, பின்கதவு தலைகீழாகப் பின்னோக்கித் திறக்கும். 63 ஷெவர்லே கார்வெட் ஸ்டிங் ரேயின் பின் கண்ணாடி நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பட்டை ஓடும், அந்த ஒரே ஒரு வருஷம் மட்டும். ஏர்லுக்கு அடுத்து வந்த பில் மிட்செல் அந்தப் பட்டை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், கார்வெட் எஞ்சினியர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் பின்னால் எதுவும் தெரியவில்லை என்று சண்டை போட்டார், 64இல் எஞ்சினியர் ஜெயித்தார். சிலர் 63ஐ வாங்கி அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு 64இன் ஒற்றைக் கண்ணாடியைப் போட்டார்கள். இன்றைக்கு அந்தப் பட்டைக்குத்தான் விலையே.

மஸ்டாங்கில் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள், அது எங்கேயும் கிடைக்கும். 1964 ஏப்ரல் 17இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வந்தது, ஆரம்ப விலை 2,368 டாலர், அடியில் ஃபோர்டின் சாதாரண ஃபால்கன் கார்தான். கிரில்லில் தேன்கூடு வலையும் குறுக்குப் பட்டையும் இருந்தால் 65, குறுக்குப் பட்டை இல்லாமல் குதிரைச் சின்னம் அந்தரத்தில் மிதந்தால் 66, பின்பக்கப் பலகை உள்வாங்கி, கதவுக்குப் பின்னால் போலிக் காற்றுத்துளைகள் இரண்டு இருந்தால் 67. அந்தத் துளை போய் மட்கார்டு ஓரத்தில் குட்டி விளக்கோ பிரதிபலிப்பானோ வந்திருந்தால் 68.

அந்தக் குட்டி விளக்கு எந்த அமெரிக்கக் காருக்கும் பொருந்துகிற சோதனை, இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1968 தொடக்கத்திலிருந்து பக்கவாட்டில் விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயம், 1969 தொடக்கத்திலிருந்து முன்சீட்டுக்குத் தலைச்சாய்வு கட்டாயம். பக்க விளக்கு இல்லையென்றால் 67 அல்லது அதற்கு முன்.

பம்பரைத் தட்டிப் பார்க்கிற காலம்

73இலிருந்து முகம் மாறும். மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்னால் மோதினாலும் விளக்கு, பெட்ரோல் டாங்க் எதுவும் சேதமாகக் கூடாது என்று சட்டம். 74இல் பின்பக்கத்துக்கும் அதே. உடலோடு ஒட்டி உட்கார்ந்திருந்த மெல்லிய பம்பர் போய், தண்டவாளம் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு வந்தது. 73 கார்வெட்டைக் கண்டால் நின்று பாருங்கள்: முன்னால் பெயின்ட் அடித்த ரப்பர் மாதிரி மூக்கு, பின்னால் இன்னும் பழைய குரோம் பம்பர். ஒரே காரில் இரண்டு யுகம். 74இல் பின்பக்கமும் போய்விட்டது.

இந்தக் காலத்துப் பெரிய கார்களில் பம்பருக்கும் உடலுக்கும் இடையே இருக்கும் இடைவெளியை உற்றுப் பாருங்கள். பம்பர் உள்வாங்க இடம் வேண்டுமென்று அங்கே நெகிழ்கிற பிளாஸ்டிக் துண்டு வைத்திருப்பார்கள். உடலின் நிறமும் அதன் நிறமும் இப்போது ஒட்டாது. பல கார்களில் அது பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருக்கும், வாங்குகிற யோசனை இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து வினைல் கூரை. கூரைக்குத் தோல் மாதிரி ஒரு உறை, அதில் ஆங்காங்கே கொப்புளம் தெரிந்தால் அடியில் துரு பிடித்துவிட்டது என்று அர்த்தம், பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். பின் தூணில் முட்டை வடிவில் ஒரு குட்டி ஜன்னல், கதவில் மரம் மாதிரி ஸ்டிக்கர். நிஜ மரத்தில் உடல் கட்டிய கடைசி அமெரிக்கத் தயாரிப்பு வேகன் 1953 ப்யூக், அதற்கப்புறம் பார்க்கிற மரமெல்லாம் ஒட்டினதுதான்.

பழைய கார்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் அரசாங்கம்தான் கெடுத்தது என்பார்கள். பம்பர், புகைக் கட்டுப்பாடு, 1973 அக்டோபர் எண்ணெய்த் தடை, 1978 மாடலிலிருந்து மைலேஜ் சட்டம் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான், பணமும் எஞ்சினியர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆனால் வினைல் கூரையை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஸ்டிக்கர் மரத்தையும் கேட்கவில்லை.

இதற்கு நான் வைக்கிற சாட்சி இரண்டு வருஷங்கள். 1959இல் ஜி.எம்.மின் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே எலும்புக்கூடுதான், செலவைக் குறைக்க. ஆனாலும் ஷெவர்லேயின் துடுப்பு படுத்திருக்கும், ப்யூக்கினுடையது சாய்ந்திருக்கும், கேடிலாக்கினுடையது நெட்டுக்குத்தாக நிற்கும், 200 அடி தூரத்திலிருந்தே ஜாதி சொல்லிவிடலாம். 1982க்கு வாருங்கள். ஷெவர்லே கேவலியர், பான்டியாக் ஜே2000, ஓல்ட்ஸ்மொபில் ஃபிரென்ஸா, ப்யூக் ஸ்கைஹாக், கேடிலாக் சிமரான், ஐந்தும் ஒரே கார். ஐந்தையும் பக்கவாட்டில் நிறுத்திக் கிரில்லை மறைத்தால் விற்றவரே திணறுவார். கேடிலாக் என்று அதிக விலை கொடுத்து வாங்கியவருக்குப் பக்கத்துவீட்டுக் கேவலியரின் அதே கூரை, அதே கதவு. சட்டத்தின் நெருக்கடி இரண்டாவதற்கு உண்டு, முதலாவதற்கு இல்லை என்பது சரிதான். ஆனால் எதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது கம்பெனி.

இங்கே வந்ததும் நம் விளையாட்டு நின்றுவிடும், அதுதான் கவனிக்க வேண்டியது. 55க்கும் 56க்கும் வித்தியாசம் சொல்ல ஒரு பார்வை போதும். 1977இல் வந்த ஷெவர்லே கேப்ரிஸ் 80இல் ஒருமுறை மேல்தகடுகளை மாற்றிக்கொண்டு, அதே உடம்போடு 1990 வரை ஓடியது. நல்ல கார், டாக்ஸியாகவும் போலீஸ் வண்டியாகவும் மாடாய் உழைத்தது. ஆனால் அதன் வருஷத்தைக் கண்ணால் சொல்லுங்கள் பார்ப்போம்.

அதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 1981இலிருந்து அமெரிக்கக் காரின் அடையாள எண் 17 எழுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநர் பக்க மூலையில் வெளியிலிருந்தே படிக்கலாம். பத்தாவது எழுத்துதான் வருஷம்: பி என்றால் 81, சி என்றால் 82, அப்படியே போகும். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் படிக்கும் முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், காரைத் தொடாதீர்கள், இடுப்பில் பெல்ட் கொக்கி இருந்தால் சாயவே சாயாதீர்கள். விழாவுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் பார்க்கிங் இடங்களில் நிறுத்தி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும், தாழ்ந்த வெயிலில் தகரத்தின் மடிப்புகளும் நன்றாகத் தெரியும்.

போன வருஷம் ராயல் ஓக் பக்கத்தில் ஒருவர் பழுப்பு நிற கேப்ரிஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், அப்பா வாங்கியதாம். பழைய தவறைத் திரும்பச் செய்யாமல், "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டேன். "எண்பத்துநாலு... இல்லை, இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். எண்பத்தைந்து.